உயிரோடு இருப்பவர்களின் பெயர்கள் மட்டும்

கானா நாட்டவர் நடத்தும் அந்தச் சங்கத்தில் சேர்வதற்கான விண்ணப்பப் படிவம் இரண்டே பக்கங்கள் கொண்டது. முதல் பக்கத்தில் பெயர், முகவரி, தொலைபேசி எண், சொந்த ஊர் ஆகியவற்றோடு பிறந்த கிழமையையும் கேட்டிருந்தார்கள். இரண்டாம் பக்கத்தில் தந்தை, தாய், மாமனார், மாமியார் என்று நான்கு வரிகள் விடப்பட்டிருந்தன. நான்கையும் நிரப்பிக் கொடுத்தேன். செயலாளர் மூக்குக்கண்ணாடியைச் சற்று இறக்கிப் படித்துவிட்டு, "இவர்கள் எல்லோரும் இருக்கிறார்களா?" என்று கேட்டார். என் அம்மாவும் மாமனாரும் காலமாகிவிட்டார்கள் என்றேன். அவர் பேனாவை எடுத்து அந்த இரண்டு பெயர்களின் மேலும் நிதானமாகக் கோடு கிழித்தார். "உயிரோடு இருப்பவர்களின் பெயர்கள் மட்டும் போதும்" என்றார்.

அந்தப் பட்டியல் எதற்காக என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. நியூயார்க்கில் ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரை மணி. புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலத்தில் விடியற்காலை மூன்று மணி. அங்கே கயிற்றுக்கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த அப்பாவுக்குத் தெரியாமல், அவருடைய சாவு நேரும் நாளில் மட்டுமே பயன்படக்கூடிய ஒரு தாளில் அவர் பெயரை எழுதிக் கையெழுத்திட்டிருந்தேன். எழுந்து போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பக்கத்தில் இருந்த என் கணவர், தன் தாயின் பெயரில் எழுத்துப்பிழை இல்லாமல் இருக்கிறதா என்று மட்டும் சரிபார்த்தார்.

என் கணவர் கானா நாட்டவர், அசாந்தி இனத்தவர், குமாசி நகரப் பக்கத்துக்காரர். அவர் செவிலியராகவும் நான் கணக்குப் பிரிவிலும் ஒரே மருத்துவமனையில் வேலை பார்த்தபோது பழகி மணந்துகொண்டோம். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் கிராண்ட் கான்கோர்ஸ் சாலையை ஒட்டிய ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். அமெரிக்காவில் கானா மக்கள் மிகுதியாக வாழும் இடங்களில் பிராங்க்ஸ் முதன்மையானது. எங்கள் தெருவிலேயே கென்கே, ஷிட்டோ போன்ற கானா உணவுகள் கிடைக்கும் கடைகள் இருக்கின்றன. கானாவுக்குச் சரக்குப் பீப்பாய் அனுப்பும் கடைகளும் உண்டு. உறுப்பினரின் துணைவர் எந்த நாட்டவராக இருந்தாலும் முழு உறுப்பினராகச் சேரலாம் என்பது சங்கத்தின் விதி. ஆனால் துணைவராக இருப்பதனாலேயே யாரும் உறுப்பினராகிவிட முடியாது. தனியாக விண்ணப்பித்து, தனியாக நுழைவுக் கட்டணம் நூறு டாலரும் மாதச் சந்தா இருபது டாலரும் கட்ட வேண்டும். சேர்ந்து ஓராண்டு முடிந்த பிறகே உதவித்தொகைக்கு உரிமை வரும்.

பிறந்த கிழமையை எதற்குக் கேட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அசாந்தி இனத்தவரை உள்ளடக்கிய அக்கான் மக்கள் பிறந்த கிழமையைக் கொண்டு குழந்தைக்கு ஒரு பெயர் வைக்கிறார்கள். வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் கோஃபி, ஐ.நா.வின் பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னான் அப்படித்தான் பெயர் பெற்றார். சனிக்கிழமை பிறந்த ஆண் குவாமே. 1957 மார்ச் 6 அன்று நாட்டுக்கு விடுதலை வாங்கித் தந்த குவாமே நிக்ரூமா சனிக்கிழமைக்காரர். நான் செவ்வாய்க்கிழமை பிறந்தவள் என்பதால் அன்று மாலையே அபெனா ஆகிவிட்டேன். செவ்வாயோ வெறுவாயோ என்று எங்கள் ஊரில் எந்த நல்ல காரியத்தையும் தொடங்காத கிழமை அது. அந்தக் கிழமைக்காரி என்று என்னை ஒரு கூடமே கைதட்டி வரவேற்றது.

கூட்டம் ஒவ்வொரு மாதமும் நான்காம் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, ஒரு தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் நடக்கும் என்று அறிவிக்கப்பட்டிருக்கும். உண்மையில் தொடங்குவது ஐந்து மணிக்கு மேல்தான். இருந்தாலும் நாலேகாலுக்குப் பிறகு வருபவர் ஐந்து டாலர் அபராதம் கட்ட வேண்டும். இதில் உள்ள முரண்பாட்டை யாரும் பொருட்படுத்துவதில்லை. கூட்டத்தில் அக்கான் மக்களின் ட்வி மொழியும் ஆங்கிலமும் கலந்து ஒலிக்கும். கட்சி அரசியல் பேசுவதற்கு மட்டும் தடை உண்டு. நான்காண்டுக்கு ஒருமுறை டிசம்பரில் கானாவில் தேர்தல் நடக்கும்போது இந்தத் தடை கூடத்துக்குள் கடைப்பிடிக்கப்படும், வாசலில் மீறப்படும்.

மூத்த உறுப்பினர்களில் பலர் எண்பதுகளில் வந்தவர்கள். 1983ஆம் ஆண்டைப் பற்றி அவர்கள் பேசாத கூட்டம் அரிது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் நைஜீரியா, உரிய ஆவணங்கள் இல்லாத வெளிநாட்டவர்கள் வெளியேற வேண்டும் என்று உத்தரவிட்டது. ஏறத்தாழ பத்து லட்சம் கானா மக்கள் கட்டம்போட்ட பெரிய பைகளில் உடைமைகளைத் திணித்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் அந்தப் பைக்கு 'கானா மஸ்ட் கோ' என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. திரும்பி வந்த நாட்டிலோ மழை பொய்த்திருந்தது, காட்டுத்தீ கொக்கோத் தோட்டங்களை எரித்திருந்தது, கடைகளில் பொருளே இல்லை. பட்டினியால் துருத்திக்கொண்டு நின்ற கழுத்தெலும்புக்கு, அன்று ஆட்சியில் இருந்தவரின் பெயரால் 'ராலிங்ஸ் சங்கிலி' என்று மக்கள் பெயர் வைத்தார்களாம். சிரித்துக்கொண்டேதான் இதைச் சொல்வார்கள். அந்தப் பஞ்சத்துக்குப் பிறகு கிடைத்த வழியில் நாட்டைவிட்டுக் கிளம்பி, இங்கே டாக்சி ஓட்டியும், வாகன நிறுத்துமிடங்களில் இரவுக் காவல் இருந்தும், முதியோர் இல்லங்களில் பணிசெய்தும் காலூன்றியவர்கள் அவர்கள். ஒருவர் இறந்தால் உடலை ஊருக்கு அனுப்பப் பணம் இருக்காது. தொப்பியைக் கழற்றிக் கையேந்தித்தான் திரட்ட வேண்டியிருக்கும். மூன்றாவது முறை அப்படித் தொப்பி ஏந்திய இரவில்தான் சங்கம் தொடங்கப்பட்டது என்பார்கள்.

ஆகவே சங்கத்தின் உதவித்தொகைப் பட்டியல் பெரும்பாலும் சாவைப் பற்றியதாகவே இருப்பதில் வியப்பில்லை. குழந்தை பிறந்தால் ஒரு தொகை, திருமணத்துக்கு ஒரு தொகை, மருத்துவமனையில் படுத்தால் ஒரு தொகை என்று சிறு வரிகள் உண்டு. அவற்றுக்குக் கீழே பக்கம் முழுவதும் நிறைந்திருப்பவை மரணங்கள். உறுப்பினர் இறந்தால் பத்தாயிரம் டாலர். அத்துடன் ஒவ்வோர் உறுப்பினரும் ஐம்பது டாலர் கூடுதலாகத் தர வேண்டும். துணைவர், பிள்ளை, பெற்றோர், துணைவரின் பெற்றோர் என்று தொகை படிப்படியாகக் குறையும். பெற்றோருக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு.

கணக்கு எழுதும் தொழிலில் இருப்பவள் என்பதால், இதை ஓர் ஆயுள் காப்பீடாகவே முதலில் எடைபோட்டேன். அப்படிப் பார்த்தால் தொகைகள் குறைவுதான். பிறகுதான் என் தவறு புரிந்தது. காப்பீட்டு நிறுவனம் ஒருவரின் சாவால் நின்றுபோகும் வருமானத்துக்கு ஈடு தருகிறது. குமாசிக்குப் பக்கத்தில் எண்பது வயதில் இறக்கும் ஒரு தாயின் சாவால் பிராங்க்ஸில் இருக்கும் மகனுக்கு வருமானம் எதுவும் நின்றுபோவதில்லை. மாறாக, அன்றுதான் செலவு தொடங்குகிறது. அக்கான் மக்களின் இழவுச் செலவை அறியாதவருக்கு இது விளங்காது. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வந்து சேரும்வரை, வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், உடல் பிணவறையின் குளிரில் காத்திருக்கும். இறந்த ஏழாம் நாளை ஒட்டி ஒரு கூடுகை உண்டு. அங்கேதான் இறுதிச்சடங்கின் நாள் குறிக்கப்படும். சடங்கு பெரும்பாலும் சனிக்கிழமையில் வரும். கறுப்பும் சிவப்புமான துணிகள், பந்தல், வாடகை நாற்காலிகள், ஒலிபெருக்கி, முரசுகள், வந்தவர்களுக்கெல்லாம் உணவு, பானம். மறுநாள் ஞாயிறு தேவாலயத்தில் நன்றி வழிபாடு. 'அபுசுவா டொ ஃபுனு' என்று ட்வி மொழியில் ஒரு பழமொழி உண்டு: குடும்பம் நேசிப்பது பிணத்தைத்தான். உயிரோடு இருந்தபோது மருந்துக்குக் காசு அனுப்பாத உறவினர்கள், இறந்த பிறகு வெள்ளை வெளேரென்று பெட்டி வாங்கி வருவதைப் பார்த்து அவர்களே தங்களைக் கேலி செய்துகொள்வது அது. கேலி செய்துகொண்டே செலவும் செய்வார்கள்.

ஒரே சாவுக்கு இரண்டு மூன்று சங்கங்களிலிருந்து உதவி வாங்குவதும் தவறாகக் கருதப்படுவதில்லை. என் கணவர் இந்தச் சங்கத்திலும், தன் ஊர்க்காரர்களின் சங்கத்திலும், தான் படித்த பள்ளியின் பழைய மாணவர் சங்கத்திலும் சந்தா கட்டுகிறார். மூன்றும் தேவையா என்று ஒருமுறை கேட்டேன். "மூன்று இடங்களிலிருந்தும் ஆட்கள் வருவார்கள்" என்றார். பணத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

படிவத்தின் கடைசியில் 'பயனாளி' என்று ஒரு வரி இருக்கிறது: உறுப்பினரே இறந்தால் தொகை யாருக்குப் போக வேண்டும் என்று அவர் தன் கையாலேயே எழுத வேண்டும். அக்கான் மக்கள் தாய்வழிச் சமூகத்தினர். ஒருவரின் அபுசுவா என்பது அவருடைய தாய், தாயின் உடன்பிறந்தவர்கள், சகோதரிகளின் பிள்ளைகள் ஆகியோரைக் கொண்டது. ஒருவனுடைய மனைவிக்கும் சொந்தப் பிள்ளைகளுக்கும் அவனுடைய அபுசுவாவில் இடமில்லை. உயில் எழுதாமல் ஒருவன் இறந்தால், அவன் சம்பாதித்ததும் வழக்கப்படி அபுசுவாவுக்கே போனது. விதவையும் பிள்ளைகளும் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட கதைகள் ஏராளம். 1985இல் கானாவில் வந்த 111ஆம் எண் சட்டம் இதை மாற்றியது. வீடும் வீட்டுப் பொருட்களும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என்று அது வகுத்தது. மிச்சச் சொத்தைப் பதினாறு பங்காக்கி, பிள்ளைகளுக்கு ஒன்பது, துணைவருக்கு மூன்று, உயிரோடுள்ள பெற்றோருக்கு இரண்டு, அபுசுவாவுக்கு இரண்டு என்று பிரித்தது. ஆனால் பிராங்க்ஸில் ஒரு சங்கம் தரும் காசோலைக்கு அந்தச் சட்டத்தின் கை எட்டாது. ஓர் உறுப்பினர் இறந்தபோது அவருடைய மனைவி ஒருபுறமும் சகோதரி மகன் மறுபுறமும் நின்று காசோலையைக் கேட்டார்கள் என்றும், ஒன்பது மாதம் அது பொருளாளரின் மேசையிலேயே கிடந்தது என்றும் சொன்னார்கள். அதற்குப் பிறகு சேர்க்கப்பட்ட வரி இது. என் கணவரின் படிவத்தில் அந்த வரியில் என் பெயர் இருக்கிறதா என்று நான் எட்டிப் பார்த்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். இருந்தது.

சங்கத்தின் பெண்கள் பன்னிரண்டு பேர் தனியாக ஒரு 'சுசு' நடத்துகிறார்கள். மாதம் ஆளுக்கு இருநூறு டாலர். மொத்தத்தையும் முறைவைத்து மாதம் ஒருவர் எடுத்துக்கொள்வார். நம் ஊர்ச் சீட்டுத்தான். ஆனால் ஏலம் கிடையாது, தள்ளுபடி கிடையாது. அவசரக்காரரின் அவசரத்தில் மற்றவர்கள் இலாபம் பார்க்கும் ஏற்பாட்டை விளக்கிச் சொன்னபோது, அவர்கள் என்னைக் கொஞ்சம் கவலையோடு பார்த்தார்கள்.

நான் சேர்ந்த எட்டாவது மாதத்தில் அந்தக் கூட்டம் நடந்தது. ஒரு டாக்சி ஓட்டுநரின் தாய் கானாவில் இறந்திருந்தார். ஓட்டுநரோ ஐந்து மாதச் சந்தா பாக்கி வைத்திருந்தார்; மூன்று மாதத்துக்கு மேல் பாக்கி இருந்தால் உதவித்தொகை கிடையாது என்பது விதி. செய்தி வந்த மறுநாளே அவர் பாக்கி முழுவதையும் கொண்டுவந்து நீட்டினார். வாங்கலாமா கூடாதா என்று இரண்டு மணி நேரம் வாதம் நடந்தது. அவருடைய வண்டி பழுதாகி மூன்று மாதம் ஓடவில்லை என்பது கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆயினும், சங்கத்தின் நிதியிலிருந்து ஒரு டாலரும் தருவதில்லை என்று முடிவாயிற்று. அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் நான் கோபமாகப் பேசிக்கொண்டு வந்தேன்.

இப்போது அந்தக் கோபம் இல்லை. சாவுச் செய்தி வந்த பிறகு பாக்கியைக் கட்டி உதவி பெற முடியுமென்றால், யாரும் முன்கூட்டிச் சந்தா கட்ட மாட்டார்கள். கட்டுகிறவர்கள் ஏமாளிகள் ஆவார்கள். ஓரிரு ஆண்டில் பெட்டி காலியாகும். தாய் படுக்கையில் விழுந்த பிறகு சங்கத்தில் சேர வருபவர்களைத் தடுக்கத்தான் அந்த ஓராண்டுக் காத்திருப்பும். இது புதிய கண்டுபிடிப்பு அன்று. 1787இல் பிலடெல்பியாவில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களான ரிச்சர்ட் ஆலனும் அப்சலோம் ஜோன்ஸும் சேர்ந்து விடுதலை பெற்ற ஆப்பிரிக்கர்களுக்கான சங்கம் ஒன்றை அமைத்தார்கள். மாதம் ஒரு வெள்ளி ஷில்லிங் சந்தா. ஓராண்டு கட்டிய பிறகே உதவி. தேவைப்படுவோருக்கு வாரம் மூன்று ஷில்லிங் ஒன்பது பென்ஸ். எங்கள் விதிப்புத்தகத்தை எழுதியவர்கள் அதைப் பார்த்து எழுதவில்லை. ஏழைகள் சேர்ந்து ஒரு பெட்டி வைக்கும் இடமெல்லாம் அந்த ஓராண்டு தானாக வந்து சேர்ந்துவிடும் போலும்.

கூட்டம் முடிந்தது என்று தலைவர் அறிவித்த அடுத்த நிமிடமே, விதிக்காக மிகக் கடுமையாக வாதாடிய பெரியவர் ஒருவர் எழுந்து தன் தொப்பியைக் கழற்றினார். இருபதும் ஐம்பதுமாக அதில் விழுந்தன. உதவித்தொகையில் பாதிக்கு மேல் சேர்ந்துவிட்டது. பொருளாளர் அதைச் சங்கத்தின் பேரேட்டில் சேர்க்காமல், ஒரு தனித்தாளில் பெயர் பெயராக எழுதிக் கொடுத்தார்.

அடுத்த ஆண்டு என் மாமியார் இறந்தார். என் கணவர் கானாவின் தலைநகர் அக்ரா வழியாக ஊர் போய் அடக்கம் முடித்துத் திரும்பிய பிறகு, இங்கேயும் ஓர் இழவுக் கூடுகை நடந்தது. உடல் அங்கே மண்ணுக்குள் போன பிறகும் இங்கே ஒரு கூடம் எடுத்து, அழைப்பிதழ் அச்சிட்டு, சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடத்துவது இவர்களின் வழக்கம். வாசலுக்கு அருகே ஒரு மேசை போடப்பட்டிருக்கும். வருகிறவர்கள் அங்கே 'இன்சாவா' என்னும் இழவுப் பணத்தைக் கொடுப்பார்கள்; இரசீது எழுதப்படும்; இன்னார் இவ்வளவு கொடுத்தார் என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படும். மேசைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். நான் உட்கார்ந்தேன்.

கீரமங்கலம், வடகாடு, பேராவூரணிப் பகுதிகளைச் சேர்ந்தவர்களுக்கு அந்த மேசையைப் பற்றி நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை. ஆடி மாதத்தில் மொய் விருந்து வைத்து, கறிச்சோறு போட்டு, நோட்டுப் போட்டுப் பணம் வாங்கும் ஊர்கள் அவை. என் அப்பா தன் மொய் நோட்டுகளைப் பத்திரப்பதிவுத் தாள்களோடு ஒரே இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். நான் அன்றிரவு பெயர், தொகை, யார் வழி உறவு என்று மூன்று பத்திகள் கிழித்து எழுதத் தொடங்கியதும், பொருளாளர் நின்று பார்த்தார். அவர்கள் பெயரும் தொகையும் மட்டுமே எழுதுவார்களாம். உறவு எதற்கு என்று கேட்டார். திருப்பிச் செய்யும்போது யாருக்கு என்று குழப்பம் வரக்கூடாதே என்றேன். மொய்யில் வாங்கியதைத் திருப்பாவிட்டால் கடன். இன்சாவாவைத் திருப்பாவிட்டால் வெட்கம். கொடுத்தவர் வீட்டில் சாவு விழும்போது போகாதவரை இவர்களும் மறப்பதில்லை. மூன்றாவது பத்தியை அவருக்குப் பிடித்துவிட்டது. அந்த ஆண்டுத் தேர்தலில் என்னை நிதிச் செயலாளராக முன்மொழிந்தவர் அவர்தான்.

பிறகு ஒரு சனிக்கிழமை அதிகாலையில் ஊரிலிருந்து தம்பி அழைத்தான். அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். நான் பயணச்சீட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோதே, இங்கே மதியம் ஆவதற்குள், அங்கே தகனம் முடிந்துவிட்டது.

செயலாளரை அழைத்துச் சொன்னேன். வருந்தினார்; பிறகு வழக்கப்படி, "இறுதிச்சடங்கு என்றைக்கு?" என்று கேட்டார். முடிந்துவிட்டது என்றேன். மறுமுனையில் நீண்ட நேரம் பேச்சே இல்லை. மகள் வராமல் எப்படி முடிப்பார்கள் என்று அவர் கடைசியில் கேட்டபோது, அதில் குற்றச்சாட்டு இல்லை, திகைப்புத்தான் இருந்தது. ஒரு நாளுக்குள் எரித்துவிடும் எங்கள் வழக்கத்தை நான் அதுவரை யாருக்கும் விளக்கியதில்லை. வெயில், குளிர்சாதனம் இல்லாத காலம், சாத்திரம் என்று ஏதேதோ சொன்னேன். என் காதுக்கே அவை போதுமானவையாக ஒலிக்கவில்லை.

இறப்புச் சான்றிதழின் நகலைத் தம்பி பேரூராட்சியிலிருந்து வாங்கி அனுப்பினான். உதவித்தொகைக் குழுவில் இளைஞர் ஒருவர் அதில் ஒரு முரண்பாட்டைக் கண்டுபிடித்தார்: இறந்தவரின் குடும்பப்பெயர் ஒற்றை எழுத்தாக இருக்கிறது, உறுப்பினரின் குடும்பப்பெயரோ இறந்தவரின் முதற்பெயராக இருக்கிறது. அமெரிக்கா வந்த நாளிலிருந்து வங்கியிலும் விமான நிலையத்திலும் நான் தந்து தந்து சலித்த விளக்கத்துக்கு மீண்டும் வாய் திறந்தேன். தொப்பிக்காரப் பெரியவர் கையுயர்த்தி என்னை நிறுத்தினார். தன் தந்தைக்கும் தனக்கும் பொதுப்பெயர் எதுவும் கிடையாது என்றும், பள்ளியில் சேர்த்த பாதிரியார்தான் தந்தையின் பெயரைத் தன் பெயருக்குப் பின்னால் ஒட்டினார் என்றும் அவர் அந்த இளைஞரிடம் சொன்னார். அத்துடன் அந்தக் கேள்வி முடிந்தது.

எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பத்துப் பேர் வருவார்கள் என்று எண்ணியிருந்தேன். எங்கள் இரண்டு அறை வீட்டுக்குள் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் கறுப்புத் துணி உடுத்தி நின்றார்கள். மின்தூக்கி அன்று ஓடவில்லை. எழுபது வயதுப் பெண்கள் ஐந்து மாடி ஏறியிருந்தார்கள். அண்டை வீடுகளிலிருந்து நாற்காலிகள் வந்தன. எல்லோருக்கும் முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும். அதன் பிறகே வந்த செய்தி கேட்கப்படும்; அதற்கு 'அமன்னே' என்று பெயர். ஏன் வந்தார்கள் என்று இருதரப்பும் அறிந்திருந்தாலும் கேட்டே ஆக வேண்டும். அதையும் நேராகக் கேட்கக்கூடாது. இடையில் பேச ஒரு 'ஓச்சியாமே' வேண்டும். என் சார்பில் என் கணவர் பேசினார். "இங்கே அமைதியாக இருக்கிறோம். வழி நடந்து வந்தவர்கள் நீங்கள், செய்தி உங்களிடம்தான் இருக்கிறது" என்றார். அவர்கள் சார்பில் பெரியவர் எழுந்து, அபெனாவின் தந்தை ஊர் போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம், உண்மைதானா என்று கேட்டார். உண்மைதான் என்று என் வாயால் நான் சொன்னது அதுதான் முதல் முறை. அதற்கு முந்தைய எட்டு நாட்களும், எல்லோரும் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்களே தவிர, யாரும் என்னைக் கேட்கவில்லை.

அவருக்கு எத்தனை பிள்ளைகள், என்ன பயிரிட்டார், எப்படிப் பேசுவார் என்று கேட்டார்கள். தென்னையும் பூவும் என்றேன். மொய் நோட்டைப் பற்றிச் சொன்னபோது சிரித்தார்கள். மூன்று மணி நேரம் இருந்தார்கள். வராத உறுப்பினர்கள் இருபது டாலர் அபராதம் கட்ட வேண்டும் என்பது விதி. முப்பது பேரில் எத்தனை பேர் அந்த இருபது டாலருக்குப் பயந்து வந்தார்கள் என்று யோசித்ததுண்டு. யாராயிருந்தாலும் ஐந்து மாடி ஏறித்தான் வந்தார்கள். புறப்படும்போது காசோலை உள்ள உறையைக் கொடுத்து இரசீதில் கையெழுத்து வாங்கினார்கள். அந்த இரசீதுப் புத்தகம் என் பொறுப்பில் இருப்பது. என் மேசை இழுப்பறையிலிருந்து நானே எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த கூட்டத்துக்கு முன்பு உறுப்பினர் கோப்புகளைப் புதுப்பிக்கும்போது என்னுடைய படிவமும் கைக்கு வந்தது. இரண்டாம் பக்கத்தில் செயலாளர் கிழித்த இரண்டு கோடுகளுக்கும் கீழே, மாமியாரின் பெயரின் மேல் ஓராண்டுக்கு முன்பு நான் கிழித்த கோடு இருந்தது. நான்காவது கோட்டையும் கிழித்துத் தேதி போட்டேன். "அந்தப் பக்கத்தில் இனி உங்களுக்கு வர வேண்டியது எதுவும் இல்லை, சிஸ்டர் அபெனா, கட்டுவது மட்டும்தான்" என்று செயலாளர் சொன்னார். அன்று நான் கூடத்துக்குள் நுழைந்தபோது மணி நான்கு இருபது. தலைவர் இன்னும் வந்திருக்கவில்லை. அபராதப் பேரேட்டைத் திறந்து என் பெயருக்கு நேரே ஐந்து டாலர் என்று எழுதினேன்.